எண்பத்து நான்குக்கு மேல் கிடையாது

நோயெல்லா பெல்ட்டியே கோபப்பட்டு அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடங்களாக டூ ப்ரூக்ஸ் உயர்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில், இடுப்பு உயர மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, பிள்ளைகளின் மதிப்பெண் தாள்களைக் கல்லூரிகளுக்கு அனுப்பி வைப்பதுதான் அவள் வேலை. கொதித்துக்கொண்டு வரும் பெற்றோரைத் தணித்து அனுப்புவது சம்பளத்தில் சேராத வேலை. அதற்கு அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. "ஜூன்ல ஏறிடும்."

பெற்றோர் கொதித்து வருவது பெரும்பாலும் இயற்பியல் ஆசிரியர் ஹாஸ்கெல் போட்ட மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான். முதல் காலாண்டில் அவர் யாருக்கும் எண்பத்து நான்குக்கு மேல் போடமாட்டார்; முதல் மாணவனுக்கே அதுதான், மற்றவர்களுக்கு அதற்கும் கீழே. கடவுளே வந்து பரீட்சை எழுதினாலும் எண்பத்து நான்குதான் என்று ஊரில் சொல்வார்கள். இரண்டாம் காலாண்டில் கொஞ்சம் ஏற்றுவார், மூன்றாவதில் இன்னும் கொஞ்சம், ஜூனில் உரிய இடத்துக்குக் கொண்டு வந்து நிறுத்துவார். ஹாஸ்கெலின் ஏணி என்று அதற்குப் பெயர்.

ஏணிக்குக் காரணம் உருளைக்கிழங்கு. இந்த வடகோடி மாவட்டத்தில் பள்ளி ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும். செப்டம்பர் கடைசியில் மூன்று வாரம் மூடிவிடுவார்கள், அறுவடைக்காக. ஹாஸ்கெல் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஊர்ப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அந்த மூன்று வாரமும் வயலில்தான். மண்ணோடு திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்த்து, முதல் காலாண்டில் யாரும் முழுதாகப் படித்திருக்க முடியாது, முழு மதிப்பெண்ணும் கிடையாது, வீட்டில் இருந்து படித்தவனுக்கும் வயலுக்குப் போனவனுக்கும் எண்பத்து நான்கு என்ற ஒரே கூரை என்று அவர் முடிவு செய்தார். ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. முப்பத்து நான்கு வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது வயலில் இயந்திரம் போகிறது. வகுப்பில் பத்தில் இரண்டு பேர் போனால் அதிகம். கூரை மட்டும் இறங்கிய இடத்திலேயே நின்றது.

நோயெல்லாவும் அவரிடம் படித்தவள்தான். முதல் காலாண்டில் எழுபத்தெட்டு, ஜூனில் தொண்ணூற்றொன்று. அந்த ஏற்றத்தை அவள் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தாள், தன் மகளின் தாள் கைக்கு வரும்வரை.

நவம்பர் ஆறாம் தேதி, வியாழக்கிழமை. பன்னிரண்டாம் வகுப்பின் முதல் காலாண்டு மதிப்பெண்கள் வந்தன. ஜொலீன் பெல்ட்டியே: ஆங்கிலம் தொண்ணூற்றாறு, கணிதம் தொண்ணூற்றெட்டு, வரலாறு தொண்ணூற்றைந்து, பிரெஞ்சு தொண்ணூற்றேழு. இயற்பியல் எண்பத்து நான்கு.

அந்தப் பெண் பொறியியல் படிக்க விண்ணப்பித்திருந்தாள். தெற்கே ஏழு மணி நேரப் பயணத்தில் ஒரு சின்னக் கல்லூரி. நவம்பர் முதல் தேதிக்குள் விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் வேறெங்கும் போகமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் டிசம்பரிலேயே பதில் சொல்லிவிடுவார்கள். பாதி இடங்கள் அப்போதே நிரம்பிவிடும். மிச்சப் பாதிக்கு வசந்தத்தில் ஊர் உலகமே முட்டி மோதும். இந்த டிசம்பர் கதவைத்தான் ஜொலீன் நம்பியிருந்தாள். கல்லூரி கேட்டது ஒன்றே ஒன்று: பன்னிரண்டாம் வகுப்பின் முதல் காலாண்டு மதிப்பெண்ணைப் பதினான்காம் தேதிக்குள் பள்ளி அனுப்ப வேண்டும். கடைசி வருடத்தில் இந்தப் பிள்ளை தளர்ந்துவிட்டதா என்று பார்க்க அவர்களிடம் வேறு எதுவும் இருக்காது.

மற்ற வகுப்புகளில் ஏணியால் ஒரு கெடுதலும் இல்லை. கல்லூரிக்குப் போகும் தாளில் ஜூன் மதிப்பெண்தான் ஏறும். பன்னிரண்டாம் வகுப்பில் ஜூன் வருவதற்குள் கல்லூரிகள் முடிவெடுத்து ஆறு மாதம் ஆகியிருக்கும்.

இந்தச் சின்னக் கணக்கை அன்றைக்குத்தான் நோயெல்லா போட்டாள். போட்டு முடித்தபோது காது மடல் சூடேறியது. பக்கத்து மேஜையில் இருந்தவள் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அவள் தாளை எடுத்து வைத்தாள். கணவன் ஆர்மண்ட் உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிறவன். தட்டில் இருந்த பக்வீட் மாவுத் தோசையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"எண்பத்திநாலா? எனக்கு அவர் போட்டது முப்பத்தொம்பது. அது ஜூன்லயும் ஏறல" என்றான்.

ஜொலீன் சிரித்தாள். நோயெல்லா சிரிக்கவில்லை. அந்தக் கல்லூரிக்காரர்கள் போன வருடம் வேதியியலில் தொண்ணூற்றாறைப் பார்ப்பார்கள், இந்த வருடம் இயற்பியலில் எண்பத்து நான்கைப் பார்ப்பார்கள், பெண் சறுக்கிவிட்டாள் என்று நினைப்பார்கள், இயற்பியலில் சறுக்கியவளுக்குப் பொறியியல் எதற்கு என்று தாளை ஒதுக்கிவிடுவார்கள் என்று அவள் விளக்கினாள். சொல்லச் சொல்ல ஜொலீனின் முகம் மாறியது. அறுவடை விடுமுறை மூன்று வாரமும் அந்தப் பெண் இயந்திரத்தின் பின்னால் நின்று, ஓடும் பட்டையிலிருந்து கல்லும் அழுகலும் பொறுக்கியவள். விரல் நுனியில் வெடிப்பு இன்னும் ஆறவில்லை.

"ஆனா அதுதான் வகுப்புலயே முதல் மார்க்கும்மா. ஹாஸ்கெல் சார் எனக்குக் கை குடுத்தாரு" என்றாள்.

"அந்தக் கையைக் கவர்ல போட்டு அனுப்ப முடியுமாடி?"



மறுநாள் கடைசி மணி அடித்ததும் நோயெல்லா இயற்பியல் அறைக்குப் போனாள். ஹாஸ்கெல் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. பனி கொட்டும் நாளில் பிள்ளைகள் வருமுன் படிக்கட்டைத் தானே வழித்து வைப்பவர். மனைவி இறந்த மறுநாளே வகுப்புக்கு வந்து பாடம் நடத்தியவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவரிடம் தேறாதவர்கள். கம்பளி மேல்சட்டையில் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு, உட்கார் என்று சொன்னார். அவள் உட்காரவில்லை.

மதிப்பெண்ணை மாற்றச் சொல்லவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். கல்லூரிக்கு ஒரு வரி எழுதித் தந்தால் போதும். முதல் காலாண்டில் எண்பத்து நான்குதான் என் உச்சம், இந்தப் பெண் அந்த உச்சத்தில் இருக்கிறாள், அவ்வளவுதான். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினார். என் மதிப்பெண்ணுக்கு நான் விளக்கம் எழுதியதில்லை, எண் தானே பேச வேண்டும், இன்றைக்கு உனக்கு எழுதினால் நாளைக்கு எழுபதுக்கும் எழுதச் சொல்லி வரிசை நிற்கும் என்றார்.

"சார், உங்க நம்பர் பேசுது. பொய் பேசுது."

அவர் வாழ்நாளில் அவரிடம் ஒருவரும் அப்படிப் பேசியதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நோயெல்லா, நீ இங்க எத்தனை வருஷமா இருக்க? எத்தனை பேருக்கு நீயே ஏணியை விளக்கிச் சொல்லியிருக்க. அப்போ எல்லாம் சரியா இருந்தது. இன்னிக்கு உன் பொண்ணு ஏறும்போது மட்டும் படி உடைஞ்சு போச்சா?"

அவள் வெளியே வந்தாள். அவர் சொன்னது உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது. காரில் ஏறிக் கதவை அறைந்தாள். அந்தச் சத்தத்தில் காகங்கள் பறந்தன.

திங்கள் காலை அவள் செய்த முதல் வேலை பழைய கோப்புகளைத் திறந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போவார்கள். அவர்களுக்குப் பதினொன்றாம் வகுப்பு வரையிலான மதிப்பெண்ணே போதும். டிசம்பர் கதவைத் தட்டியவர்கள் குறைவு. பத்தொன்பது வருடத்தில் ஹாஸ்கெலின் இயற்பியல் படித்துக்கொண்டே தட்டியவர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் டிசம்பரில் இல்லை என்றோ பிறகு பார்க்கலாம் என்றோதான் பதில் வந்திருந்தது. ஏழு கடிதங்களின் நகலையும் அவளே கோப்பில் சொருகியிருக்கிறாள். ஒன்றைக்கூட இன்னொன்றோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு மதிப்பெண் தாளோடும் பள்ளியைப் பற்றிய விவரத் தாள் ஒன்று போகும். எத்தனை மாணவர், எந்தெந்தப் பாடம், மதிப்பெண் எப்படிப் போடுகிறோம் என்று கல்லூரிக்குச் சொல்லும் தாள். முன்பின் தெரியாத ஊரிலிருந்து வரும் எண்ணுக்கு என்ன பொருள் என்று கல்லூரிக்காரன் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அதைத் தட்டச்சு செய்பவள் நோயெல்லா. பத்தொன்பது ஆகஸ்டிலும் அவள் செய்தது மேலே இருக்கும் வருடத்தை மாற்றியது ஒன்றுதான். ஏணியைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. ஊருக்கே தெரிந்த விஷயத்தை யார் எழுதி வைப்பார்கள்?

அவள் அந்தத் தாளைத் திரையில் திறந்தாள். ஒரு வரி சேர்த்தால் போதும். முதல்வர் லாபாய்ன்ட் எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. விரல் விசைப்பலகை வரை போனது. ஆனால் சொந்த மகளின் காகிதத்தை அவள் தொடக்கூடாது என்பது பள்ளியின் விதி. மகளுக்காகத் தாளைத் திருத்திய அம்மா என்று நாளைக்குத் தெரிந்தால் ஜொலீனின் விண்ணப்பமே குப்பைக்குப் போகும். விரலை எடுத்துக்கொண்டு முதல்வரிடம் நேராகவே போனாள்.

லாபாய்ன்ட் நல்ல பேச்சுக்காரர். ஹாஸ்கெல் இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார், இப்போது போய் அவர் மனதைப் புண்படுத்துவானேன் என்றார். பத்து நிமிடம் இதையே ஐந்து விதமாகச் சொன்னார். கடைசியில், இது பள்ளி வாரியம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று கையைக் கழுவினார்.

"வாரியம் இன்னிக்கு ஏழு மணிக்குத்தானே கூடுது?" என்று கேட்டாள் நோயெல்லா. அவர் அதை மறந்துபோயிருந்தார்.

வீட்டில் ஜொலீன் மன்றாடினாள். ஊர் முன்னால் அம்மா போய் நின்றால் தன்னால் பள்ளிக்கூடத்தில் தலை காட்ட முடியாது என்று அழுதாள். கிடைக்காவிட்டால் போகட்டும், மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கவே இருக்கிறது என்றாள். நோயெல்லா மகளின் வெடித்த விரல்களைப் பிடித்து ஒரு நிமிடம் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வாரியக் கூட்டம் பள்ளியின் உணவுக்கூடத்தில் நடந்தது. ஐந்து உறுப்பினர்கள் நீள மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். முட்டை வேகவைக்கும்போது நேரம் பார்க்கும் சின்ன மணியைத் திருகி மேஜையில் வைத்துவிடுவார்கள். அது டிக்டிக்கென்று ஓடும். எப்படியோ செய்தி பரவி நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஹாஸ்கெல் பின்சுவரில் சாய்ந்து நின்றார்.

நோயெல்லா எழுந்து சொன்னாள். ஏணியைச் சொன்னாள், ஏழு பேரைப் பெயர் சொல்லாமல் சொன்னாள், விவரத் தாளைச் சொன்னாள், அதில் சேர்க்க வேண்டிய வரியைப் படித்துக் காட்டினாள். குரல் நடுங்கியது. பயம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அவளுக்கு அந்த முட்டை மணியைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. மணி அடித்தது. உட்காரப் போனாள்.

"உக்காராத" என்றாள் மேஜையின் ஓரத்தில் இருந்த உறுப்பினர்.

வெர்னா டூபே. ஊரின் பெரிய மளிகைக் கடையில் இறைச்சி வெட்டும் பிரிவில் வேலை செய்பவள். மூன்று வருடம் முன்பு தேர்தலில் நின்று வாரியத்துக்கு வந்தவள். நோயெல்லாவின் ஏழு கோப்புகளில் ஒன்று அவள் மகன் கோரியுடையது.

"ஒம்பது வருஷம் முன்னாடி நவம்பர்ல நான் உன் மேஜைக்கு முன்னாடி வந்து நின்னேன். கோரிக்கு எண்பத்தொண்ணு போட்டிருந்தாரு. காலேஜ்ல தப்பா நெனைக்க மாட்டாங்களா, கொஞ்சம் கேட்டுச் சொல்லுன்னேன். நீ என்ன சொன்ன?"



"ஜூன்ல ஏறிடும்னு சொன்னேன்."

"ஏறுச்சா?"

"ஏறுச்சு. தொண்ணூத்திமூணு."

"அந்தத் தொண்ணூத்திமூணை யாரு பாத்தா?"

வெர்னா குரலை உயர்த்தவே இல்லை. அன்றைக்கு நான் கடை ஏப்ரனோடு வந்தேன், நீ எனக்கு ஒரு சாக்லேட் எடுத்துக் கொடுத்து அனுப்பினாய் என்றாள். அந்த சாக்லேட்டைக் காரில் உட்கார்ந்து தின்றேன், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது என்றாள்.

"என்னை மன்னிச்சிடு வெர்னா" என்றாள் நோயெல்லா.

"அதுக்கு இங்க நேரம் இல்ல." வெர்னா மற்ற உறுப்பினர்கள் பக்கம் திரும்பினாள். "இந்த வரியைச் சேர்க்கச் சொல்லி நானே தீர்மானம் கொண்டுவர்றேன். இவ பொண்ணுக்காக இல்ல. இனிமே ஒரு அம்மாகிட்டயும் இவ அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது, அதுக்காக."

ஹாஸ்கெல் பின்னாலிருந்து பேசினார். வாரியம் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், என் வகுப்பில் என் எண் அப்படியேதான் இருக்கும் என்றார். யாரும் அவரைப் பார்த்துத் திரும்பவில்லை. நான்குக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் காலை நோயெல்லா அந்த வரியைத் தட்டினாள். 'இப்பள்ளியின் இயற்பியல் வகுப்பில் முதல் காலாண்டில் எண்பத்து நான்குக்கு மேல் மதிப்பெண் வழங்கப்படுவதில்லை.' லாபாய்ன்ட் கையெழுத்திட்டுத் தன் கையாலேயே அனுப்பினார். இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார்.

ஒன்பது நாள் கழித்து அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. அந்தக் கல்லூரியிலிருந்து. விண்ணப்பங்களைப் படிக்கிற இளைஞன். ஜொலீன் பெல்ட்டியே என்ற மாணவியின் தாளில் ஒரு வரி இருக்கிறது, அது உண்மைதானா, யாரிடம் கேட்கலாம் என்றான். எல்லாவற்றையும் நோயெல்லாவே கொட்டிவிடலாம். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான் அந்தப் பொண்ணோட அம்மா. நான் பேசக்கூடாது. பேச வேண்டியவரைக் கூட்டிட்டு வர்றேன். தயவுசெஞ்சு வெச்சிடாதீங்க."

தாழ்வாரத்தில் ஓடினாள். பாடம் நடந்துகொண்டிருந்த இயற்பியல் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள். இருபது தலைகள் திரும்பின, அதில் ஒன்று ஜொலீனுடையது. தொலைபேசியில் உங்களைக் கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். ஹாஸ்கெல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

அலுவலக மேஜையில் சாய்ந்து நின்று அவர் பேசினார். இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு அவள் நின்றாள். மறுமுனைக் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. அவர் குரல் மட்டும் கேட்டது. ஆமாம், எண்பத்து நான்குதான் உச்சம். ஆமாம், முப்பத்து நான்கு வருடமாக.

"ஏன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். வகுப்பில் ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்கும் மாணவனைப்போல் விழித்தார். "உருளைக்கிழங்கு" என்றார் கடைசியில். "அறுவடை. பசங்க வயலுக்குப் போவாங்க... இல்ல, இப்போ எல்லாரும் போறதில்ல. ரெண்டு, மூணு பேர்... ஆமா. தெரியும். அது எனக்குப் புரியுது."

பிறகு மறுமுனையில் ஏதோ நீளமாகக் கேட்டார்கள். ஹாஸ்கெல் கண்ணாடியைக் கழற்றினார்.

"தொண்ணூத்தெட்டு" என்றார்.

யோசிக்கவில்லை. கணக்குப் பார்க்கவில்லை. கேட்டதும் சொன்னார். அவர் தொலைபேசியை வைக்கும்வரை நோயெல்லா அசையாமல் நின்றாள். ஆத்திரம் கால் விரலிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. அந்த மனிதருக்கு உண்மையான எண் தெரியாமல் இல்லை. தாழ்வாகக் கூரை போட்டதால் மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட்டவர் இல்லை அவர். பார்த்து, குறித்து, வைத்துக்கொண்டு, வேறொன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"நோட்டுல எழுதி வெச்சிருக்கீங்க" என்றாள்.

"எழுதாம எப்படி ஜூன்ல சரியா கொண்டுவர்றது?"

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"கோரி டூபேக்கு அந்த நவம்பர்ல எவ்வளவு?"

அவர் நோட்டைத் தேடிப் போகவில்லை. ஒன்பது வருடம் கழித்தும் அந்த எண் அவர் நாக்கிலேயே இருந்தது.

"தொண்ணூத்தஞ்சு. கெட்டிக்காரப் பையன்."

நோயெல்லா கதவைத் திறந்து பிடித்தாள். வகுப்புக்குப் போங்கள் என்றாள். அவர் போனார்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஜொலீனுக்கு இடம் கிடைத்தது. கடைசி வருடத்தின் மீதி மதிப்பெண்களும் இதே தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆர்மண்ட் லாரி ஒலிப்பானை அழுத்தித் தெருவையே எழுப்பினான். அம்மாவும் மகளும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார்கள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது நோயெல்லாவுக்கு உள்ளே தீ அணையவில்லை. கோரியின் தொண்ணூற்றைந்தை அவள் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் மளிகைக் கடைக்குப் போனாள். வெர்னா இறைச்சி சீவும் இயந்திரத்தின் பின்னால் நின்றாள். வரிசையில் தன் முறை வரும்வரை நோயெல்லா காத்திருந்தாள்.

"கிடைச்சுதுன்னு கேள்விப்பட்டேன்" என்றாள் வெர்னா.

"ஆமா."

"சந்தோஷம். ஒண்ணு கேக்கறேன். அந்த ஒரு வரியை டைப் பண்ண உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

நோயெல்லா பொய் சொல்லவில்லை. "ரெண்டு நிமிஷம்."

வெர்னா பன்றித் தொடையை இயந்திரத்தில் வைத்தாள். தகடு சுழன்றது. நோயெல்லா அதற்கு மேல் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டாள். கோரியின் உண்மையான மதிப்பெண் எவ்வளவு என்று, அது யாருடைய நோட்டில் இருக்கிறது என்று. தகடு நின்றது. வெர்னா கையுறையைக் கழற்றினாள். பின்னால் நின்றவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள், எதற்கென்று தெரியாமலே.

"என்கிட்ட ஏன் சொல்ற? அது அவன் நம்பர். உருளைக்கிழங்கு வறுவல் ஆலையில மூணு மணிக்கு அவன் ஷிஃப்ட் முடியும். வாசல்ல நின்னு நீயே சொல்லு."

ஆலை வாசலில் பனி காலை உறைய வைத்தது. எண்ணெய் வாடை காற்றில் அடர்ந்திருந்தது. மூன்று மணிக்குச் சங்கு ஊதியதும் ஆட்கள் வந்தார்கள். கோரிக்கு இருபத்தேழு வயது இருக்கும். தலையில் மாட்டும் வலையைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தவன் அவளைப் பார்த்து நின்றான். ஜொலீனுக்குக் கிடைத்ததற்கு வாழ்த்துச் சொன்னான். உண்மையாகவே சொன்னான். அதுதான் அவளைக் கொன்றது.

அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"தொண்ணூத்தஞ்சா" என்றான். "எண்பத்தொண்ணுதான் என் அளவுன்னு நெனச்சேன் மிஸஸ் பெல்ட்டியே. ஜூன்ல ஏத்தினது அவர் போட்ட பிச்சைன்னு நெனச்சேன். அதனாலதான் அதுக்கப்புறம் எங்கயும் அப்ளை பண்ணல."

சாப்பாட்டு டப்பாவைத் தன் பிக்கப் வண்டிக்குள் எறிந்தான். அது எதிர்க் கதவில் மோதித் திறந்துகொண்டது. ஏறிச் சாவியைத் திருகினான்.

"எங்கப்பா போற?"

"ஹாஸ்கெல் வீட்டுக்கு. அந்த நோட்டை நான் பாக்கணும்."

தனியாகப் போகாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அடிக்காதே என்று சொல்லவும் வரவில்லை. வண்டியைச் சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து, சிதறிக் கிடந்த ரொட்டித் துண்டுகளை ஒதுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னும் ஆறு பேர் இருக்காங்க" என்றாள். "எல்லார் பேரும் என்கிட்ட இருக்கு, அவங்க நம்பர் அந்த நோட்டுல இருக்கு. வண்டியை எடு."